மற்றும் பிறர்

அத்தியாயம் 6

பயம் வந்துவிட்டால் மாப்பிள்ளைக்கு வாய் நிற்காது. நரம்பியல் ஆராய்ச்சிக் கட்டடத்தில் அத்தைக்குப் பின்னால் படியேறும்போது, எலிக்கு எதற்கு ஏசி, மனுஷனுக்கு ஏன் ஃபேன்கூட ஓடவில்லை, மூளையை ஆராய்கிறவர்களுக்கு லிஃப்டைப் பழுது பார்க்கிற மூளை ஏன் இல்லை என்று யாரும் கேட்காததற்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மட்டும் வாய் தானாக மூடிக்கொண்டது. பெரிய டாக்டர் மண்டையில் அடிபட்டுக் கிடந்த இடம் அதுதான். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், மருந்து நெடி இன்னும் போகவில்லை.

அத்தை என்றால் அவன் மனைவியைப் பெற்றவர். குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். வேலை போய் வீட்டோடு இருந்த மருமகனையும் கூடவே சேர்த்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு நாளும் அவனை மரியாதை குறைத்துப் பேசியதில்லை. "மாப்பிள்ளை, கொஞ்சம் வாயை மூடிக்கிறீங்களா" என்றுதான் கேட்பார். நேரடியாகத் திட்டினால்கூட அவனுக்கு அவ்வளவு உறைக்காது.

வழக்கு இதுதான். பெரிய டாக்டர் வலிப்பு நோய் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பெண்மணி. போன வாரம் இந்தப் படியில் விழுந்தார், பக்கத்து ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்காமல் கிடக்கிறார். கால் தவறி விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போய்விட்டது. கட்டடத்துக்குள்ளே வேறு பேச்சு. ஆராய்ச்சியில் ஏதோ தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டாராம், அவமானம் தாங்காமல் தானே குதித்துவிட்டாராம். பள்ளிக்கூட ஆசிரியையான அவருடைய அக்கா இரண்டையும் நம்பவில்லை. நேற்று ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து, முந்தானையை முறுக்கியபடியே ஒன்று சொன்னார்.

"என் தங்கச்சியை யாரோ தள்ளிவிட்டிருக்காங்க. அவ முழிச்சா யாருன்னு சொல்லிடுவா. முழிக்க விடுவாங்களாங்கறதுதான் எனக்குப் பயம்."

அதைக் கேட்டதிலிருந்துதான் மாப்பிள்ளைக்கு வாய் ஓயவில்லை.

நான்காவது மாடியில் பெரிய டாக்டரின் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு குட்டி டாக்டர் காத்திருந்தார். பெரிய டாக்டரின் கீழே பல வருஷமாக வேலை பார்க்கிறவர், மெலிந்த உடம்பு, அதிர்ந்து பேசாத குரல். குட்டி டாக்டர் என்று பெயர் வைத்தது அந்த அக்காதான்; நிஜப் பெயர் கதவில் ஒட்டியிருந்த சின்னப் பலகையில் இருந்தது. தூங்காத கண்கள் சிவந்திருந்தன. முறை போட்டுக்கொண்டு தானும் அக்காவும்தான் மாறி மாறிப் படுக்கைப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். நல்ல பிள்ளை என்று மாப்பிள்ளைக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

கம்ப்யூட்டரில் பெரிய டாக்டரின் கட்டுரைகளை வரிசையாகக் காட்டினார். பக்கம் பக்கமாகப் போனது. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே ஓர் எண். ஒருவருடைய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாக எடுத்துக் காட்டினால் அது ஒரு மேற்கோள், அந்த எண் ஏற ஏறத்தான் இந்த உலகத்தில் மதிப்பு, பதவி எல்லாம் என்று விளக்கினார். நாங்கள் போனில் லைக் வாங்குகிற மாதிரியா என்று மாப்பிள்ளை கேட்டான். கிட்டத்தட்ட, ஆனால் லைக்கை நம்பி யாரும் மருந்து எழுதிக் கொடுப்பதில்லை என்றார் குட்டி டாக்டர். பதில் மாப்பிள்ளைக்குப் பிடித்திருந்தது.

தில்லுமுல்லு என்ன என்று அத்தை கேட்டார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு கட்டுரையை அச்சில் போடுவதற்கு முன்னால் ஆய்விதழ்காரர்கள் அதைத் துறை அறிந்தவர்களுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். அபிப்பிராயம் சொல்கிறவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. அப்படி முகம் காட்டாத ஒருவர், கிடைத்த இளம் ஆய்வாளர்களிடம் எல்லாம் ஒரே நிபந்தனை போட்டிருக்கிறார். இந்த ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டு, இல்லாவிட்டால் உன் கட்டுரை வெளியே வராது. ஐந்தும் பெரிய டாக்டருடையவை. ஆய்விதழ் அலுவலகத்தில் தோண்டிப் பார்த்தால், அந்த அபிப்பிராயங்கள் எல்லாம் பெரிய டாக்டரின் கணக்கிலிருந்தே போயிருக்கின்றன.

"என்னால நம்ப முடியலைம்மா. ஆனா கணக்கு அவங்களோடதுதானே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மணியைப் பார்த்தார். அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, நான் போய் டாக்டர் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முடிந்தது கதை, தானே தனக்கு மாலை போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றான் மாப்பிள்ளை. அத்தை அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். அந்த நிபந்தனைக்கு ஆளான யாராவது ஒருவரை இந்தக் கட்டடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பிடித்தார்கள். அடித்தளத்தில், எலிகள் வைத்திருக்கும் அறையில் வேலை பார்க்கும் பெண். கைக்குழந்தைக்காரி என்று பார்த்தவுடன் தெரிந்தது, மேல் கோட்டின் தோளில் பால் கறை. சுவரெல்லாம் பெட்டி பெட்டியாக எலிகள். ஜன்னல் கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் அவள் முதல் காரியமாகக் கதவைப் போய்ச் சாத்தினாள். கதவு சாத்துகிற சத்தத்துக்கு அத்தனை எலிகளும் ஒரே நேரத்தில் ஓட, மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பேசவே மாட்டேன் என்றாள். தன் வேலை நிரந்தரமானதல்ல, யாரைப் பகைத்துக்கொண்டாலும் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது என்றாள். ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் ஊசலாடுகிறது என்று அத்தை நிதானமாகச் சொன்னார். அப்புறம்தான் போனை எடுத்து, தனக்கு வந்த அந்த அபிப்பிராயத்தைத் திறந்து நீட்டினாள். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஐந்து கட்டுரைகளையும் வாய்விட்டுப் படித்தார். முதலில் பெரிய டாக்டர் பெயர், பக்கத்தில் 'மற்றும் பிறர்', பிறகு தலைப்பு. இரண்டாவதும் அப்படியே. ஐந்தும் அப்படியே.

"இவங்க எழுதினதிலேயே எல்லாரும் பெருமையா பேசறது எது?" என்று அத்தை கேட்டார்.

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. பெரிய டாக்டர் குழந்தைகள் வார்டில் தனி ஆளாக உட்கார்ந்து எழுதிய பழைய கட்டுரை ஒன்று இருக்கிறது, அதைப் படிக்காமல் இந்தத் துறைக்குள்ளே யாரும் வருவதில்லை என்றாள். அது இந்த ஐந்தில் இல்லை.

"மாப்பிள்ளை, தன்னையே தூக்கிவச்சுப் பேசற பொம்பளை தன் தலைச்சன் பிள்ளையை மறந்துட்டுப் பேசுவாளா?"

மாப்பிள்ளை ஐந்து தலைப்புகளையும் மறுபடியும் பார்த்தான்.

"சரிம்மா. யார் இந்த மற்றும் பிறர்?"

அந்தப் பெண் சொன்னாள். மேற்கோளில் எல்லார் பெயரையும் போட்டால் இடம் கொள்ளாது, அதனால் முதல் பெயரை மட்டும் போட்டு மிச்சத்தை அப்படிச் சுருக்கிவிடுவார்கள். பெயர் வரிசையில் முதலில் இருப்பவர் உழைத்தவர், கடைசியில் இருப்பவர் தலைவர், நடுவில் இருப்பவர்களை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அச்சில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மேற்கோள் எண்ணிக்கை மட்டும் எல்லார் கணக்கிலும் ஏறும்.

ஒவ்வொரு கட்டுரையாகத் திறக்கச் சொன்னார் அத்தை. மாப்பிள்ளை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். ஒன்றில் நாலு பேர், ஒன்றில் ஏழு பேர். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பெரிய டாக்டரைத் தவிர ஒரே ஒரு பெயர் மட்டும் மாறவில்லை. ஐந்திலும் நடுவில், சாதுவாக, ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை அதை இரண்டு தடவை படித்தான். நான்காவது மாடி அறைக் கதவில் ஒட்டியிருந்த சின்னப் பலகையில் அதே பெயரைச் சற்று முன்னால்தான் பார்த்திருந்தான்.

"பெரிய டாக்டருக்கு அபிப்பிராயம் கேட்டு வர்ற கட்டுரைங்களை அவங்களே படிச்சு எழுதுவாங்களா?" அத்தையின் குரல் தாழ்ந்தது.

"பெரியவங்களுக்கு நேரம் ஏதுங்க? பாஸ்வேர்டைக் கொடுத்துட்டு, நீ எழுதி அனுப்பிடுன்னு கூட இருக்கறவங்ககிட்ட சொல்லிடுவாங்க. எல்லா இடத்திலயும் அப்படித்தான். இங்கே எழுதறது..." அவள் முடிக்கவில்லை. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

பிறகு மடை திறந்த மாதிரி எல்லாம் வந்தது. அடுத்த வாரம் குட்டி டாக்டருக்குப் பதவி உயர்வு நேர்முகம். எண்ணிக்கைதான் அங்கே பேசும். ஐந்தில் மிகப் பெரிய எண்ணிக்கை உள்ள கட்டுரை, வலிப்பு வரும் குழந்தைகளுக்கு ஒரு மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்பது. அதற்கான பரிசோதனைகளைச் செய்து விவரம் கொடுத்தவர் குட்டி டாக்டர். விழுவதற்கு முந்தின நாள் பெரிய டாக்டர் இந்த எலி அறைக்கு வந்து, அந்தக் குழந்தைகளின் மூளை அலைப் பதிவுகளை இவளை வைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார். வேறு வேறு பிள்ளைகளுடையது என்று போட்டிருந்தவை எல்லாம் ஒரே பிள்ளையுடைய பதிவு. தலையையும் வாலையும் வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"நாளைக்கே இதை வாபஸ் வாங்கறேன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் பயந்துபோய் வாயைத் திறக்கலை. மன்னிச்சிடுங்க" என்று அவள் அழுதாள்.

அத்தை அதற்குள் அக்காவுக்குப் போன் போட்டிருந்தார். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் நிம்மதியாக வந்தது. கீழே மருந்துக்கடை வரிசையில் நிற்கிறாராம். குட்டி டாக்டர்தான் சீட்டு எழுதிக் கொடுத்தாராம், அப்படியே ஏதாவது சாப்பிட்டுவிட்டு மெதுவாக வாங்க, நான் இருக்கிறேனே என்றாராம். தங்கமான பிள்ளை என்றார் அக்கா.

மாப்பிள்ளை போய்க் கதவைத் திறந்தான்.

"என் முட்டிக்கு ஓட்டம் ஆகாது. நீங்க முன்னாடி ஓடுங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. "நான் ஆஸ்பத்திரி போலீசைக் கூட்டிட்டு வரேன். உள்ளே போய்ச் சண்டை போடாதீங்க. அவன் கை வேலை செய்யாம பார்த்துக்குங்க. பேசுங்க. என்ன வேணா பேசுங்க, நிறுத்தாதீங்க."

ஆராய்ச்சிக் கட்டடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு நீண்ட நடைபாதை. பார்வையாளர் நேரம். பழப்பையும் பூங்கொத்துமாகக் கூட்டம் நெருக்கியடித்தது. ஒரு தள்ளுவண்டியில் மோதி, ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கி, தலைகால் புரியாமல் ஓடினான். இந்நேரம் முடிந்திருக்கும், இந்நேரம் முடிந்திருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆயிரம் பேர் நடமாடுகிற இடத்தில், பட்டப்பகலில், ஒரு மனுஷியை அவளை விழுந்து விழுந்து கவனிக்கிறவனே கொன்றுவிடலாம். யாருக்கும் சந்தேகம்கூட வராது. அதை நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வந்தது.

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினான்.

பெரிய டாக்டர் கட்டிலில் அசையாமல் கிடந்தார், தலையில் கட்டு, மூடிய கண்கள். குட்டி டாக்டர் அவர் காதோடு குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி அவ்வளவு இதமாக. பக்கத்துத் தட்டில் மருந்து ஏற்றிய ஊசி இருந்தது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"வலிப்பு வராம இருக்க ஒரு ஊசி. நீங்க கொஞ்சம் வெளியே இருங்களேன்."

பேச வேண்டும். மாப்பிள்ளையின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாழ்நாளெல்லாம் தேவையில்லாமல் ஓடின வாய் அது, இப்போது பார்த்துக் காற்றுகூட வரவில்லை. குட்டி டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டான். சலைன் குழாயைத் தேடி விரல் நகர்ந்தது.

"டைரக்டர் உங்களைத் தேடறார்" என்றது ஒரு குரல். தன் குரல்தான் என்று மாப்பிள்ளைக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று. "உங்க பதவி உயர்வு விஷயம். குழுவுக்கு இப்பவே அனுப்பறாராம். உங்க பேர்ல மொத்தம் எத்தனை கட்டுரைன்னு கேட்டார். நான் நாற்பதுன்னு சொல்லிட்டேன்."

விரல் நின்றது. "நாற்பதா? யார் சொன்னா உங்களுக்கு? நாற்பத்தேழு."

"அப்படியா? அடடா. அவர் நாற்பதுன்னே போட்டுட்டாரே. மேற்கோள்கூட ரொம்ப இல்லைன்னு பக்கத்தில யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தார். பெரிய டாக்டர் தயவில ஏறினதுதானேன்னு..."

"அவர் சொன்னாரா?"

"கையெழுத்து போடப் போறார். நான் வேணா போய் நாற்பத்தஞ்சுன்னு சொல்லிடட்டுமா?"

"நாற்பத்தேழு" என்றான் குட்டி டாக்டர். முகம் இறுகியிருந்தது. ஊசியைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று மாப்பிள்ளை நினைத்தான், அத்தோடு தன் கதையும் முடிந்தது என்று நினைத்தான். ஆனால் அவன் ஊசியைத் தட்டில் வைத்தான். யாரும் இதைத் தொடாதீங்க, வந்து போடறேன் என்று சொல்லிவிட்டு, எண்ணிக்கையைத் திருத்துவதற்காக வேகமாக வெளியே போனான்.

நடைபாதையில் அத்தையின் குரல் கேட்டது, கூடவே பூட்ஸ் சத்தம். யாரோ இழுபட்டார்கள், ஒரு நாற்காலி விழுந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. தட்டைத் தூக்கி அறையின் அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தான். கட்டிலோரத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"கதவைச் சாத்துங்க."

மாப்பிள்ளைக்கு உயிரே போய்விட்டது. சொன்னது கட்டிலில் கிடந்தவர். கண்கள் மூடித்தான் இருந்தன, உதடு மட்டும் அசைந்தது.

"போயிட்டானா? நிஜமா போயிட்டானா?"

பிடிச்சுட்டாங்க, டாக்டர் என்று எப்படியோ சொன்னான். அப்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைகளுக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. நினைவு எப்போதோ வந்துவிட்டதாம். கண்ணைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்தில் அவன் குரல் கேட்டதாம், அப்படியே கிடந்துவிட்டாராம். ஒவ்வொரு தடவை தனியாக இருக்கும்போதும் காதோடு குனிந்து, நீங்களாத்தான் விழுந்தீங்க, அங்கே யாருமே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பானாம். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது ஒரு விரலைக்கூட அசைக்கவில்லையாம்.

"அசைச்சிருந்தா சந்தோஷத்தில அவன்கிட்டதான் முதல்ல ஓடிச் சொல்லியிருப்பா. நினைவு இருக்கான்னு பார்க்க டூட்டி டாக்டர் நகத்தை அழுத்துவார். நான் எத்தனை பேரை அழுத்திப் பார்த்திருக்கேன் தெரியுமா? அது இப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியாது."

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார், பின்னாலேயே அத்தை. தங்கை பேசுவதைப் பார்த்த அக்கா மருந்துப் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தவழ்ந்துபோய்க் கட்டிலைப் பிடித்து, தங்கையின் கையில் முகத்தை வைத்துக்கொண்டார். அக்காவின் வாசனை தெரிந்த பிறகுதான் பெரிய டாக்டர் கண்ணைத் திறந்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

பயம் நீங்கின மாப்பிள்ளைக்கு மனசு பொங்கியது. உங்க பேரில் இனி ஒரு களங்கமும் இல்லை, டாக்டர், எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று சொன்னான். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அந்தக் குழந்தைங்க மருந்துப் பேப்பர். இப்ப எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க?"

மாப்பிள்ளைக்கு அந்த எண் நினைவிருந்தது. நல்ல சேதி சொல்கிற குரலிலேயே சொன்னான். "நானூத்திப் பன்னிரண்டு, டாக்டர். உங்க புதுக் கட்டுரைங்கள்ல அதுக்குத்தான் ரொம்ப அதிகம்."

பெரிய டாக்டரின் முகம் அவன் பார்க்கப் பார்க்க வெளுத்தது. படிக்கட்டில் தள்ளியவன் பக்கத்தில் கிடந்தபோது அசையாத உடம்பு, இப்போது கட்டிலோடு நடுங்கியது. அக்கா பதறிப்போய்த் தோளைப் பிடித்தார்.

"அத்தனை பேரும் என் பேரைப் பார்த்து நம்பியிருக்காங்க. அவங்க எழுதினதைப் படிச்ச டாக்டருங்க அந்த அளவைத்தான் எழுதிக் கொடுத்துட்டிருப்பாங்க. பிள்ளைங்களுக்கு." மூச்சு வாங்கியது. "அது ரொம்ப அதிகம்க்கா. ரொம்ப ரொம்ப அதிகம். நான் சரிபார்க்காம கையெழுத்து போட்டேன்."

வெளியே யாருடைய பிள்ளையோ நடைபாதையில் சிரித்துக்கொண்டு ஓடியது.

பெரிய டாக்டர் அக்காவின் கையை விலக்கிவிட்டு எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் பார்த்தார். அத்தை வந்து முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினார். பெரிய டாக்டர் கையை மாப்பிள்ளையின் பக்கம் நீட்டி, உங்கள் போனைக் கொடுங்கள் என்றார். ஆய்விதழுக்கா என்று கேட்டான்.

"அதுக்கு அப்புறம் எழுதலாம். முதல்ல அந்த நானூத்திப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தரா தேடி எடுங்க. இன்னிக்கே சொல்லணும்."